பதினோரு கையெழுத்து

அந்தச் சார்ட்டு மேல கொஞ்சம் சாயாம உக்காருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. திங்கக்கிழமை போர்டுல ஒட்டணும், மடங்கிட்டா மறுபடியும் உக்காந்து வெட்டணும். ஆமாங்க, டீச்சர்தான். எல்.கே.ஜி. கரூர்ல. ஒன்பது வருசமாச்சு. ஸ்கூல் பேரு வேண்டாமுங்க, இன்னும் அங்கதான் இருக்கேன்.

உங்க பொண்ணுக்கு ரெண்டரை வயசா? அப்ப வர்ற வருசம் சேர்க்கணும். எந்த ஸ்கூல்ல விடலாம்னு எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோங்க. பஸ்ஸு கொடுமுடி போக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது. நேத்தெல்லாம் நின்னு நின்னு காலு வலி. பேசிக்கிட்டு வந்தா வலி தெரியாது.

எங்க ஸ்கூல்ல ஒரு சட்டம். கேட்டுக்கு உள்ள தமிழ் கூடாது. பிள்ளைங்க பேசக் கூடாது, மிஸ்ஸுங்க பேசக் கூடாது, பெத்தவங்ககிட்டயும் பேசக் கூடாது. கேட்டுல கேமரா இருக்குது. அதுல சத்தமும் கேக்கும்னு சொல்றாங்க. கேக்குதோ இல்லையோ, கேக்குதுன்னு நெனச்சுத்தான் நாங்க நடந்துக்குவோம். இங்கிலீசுக்காகத்தானே நம்மகிட்ட விடறாங்க, கேட்டுல நின்னு மிஸ்ஸே தமிழ்ல பேசினா நாளைக்கு எவன் சேர்ப்பான்னு கரஸ்பாண்டன்ட் மேடம் கேப்பாங்க. அதுவும் நியாயந்தானே. எனக்கு முன்னால செலின்னு ஒரு மிஸ் இருந்தாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குதுன்னு ஒரு அம்மாகிட்டத் தமிழ்ல சொன்னாங்க. அடுத்த மாசம் அவங்க இல்ல.

அதுக்காக ஒண்ணுமே சொல்லக் கூடாதுன்னு இல்லீங்க. டைரி இருக்குது. மேடம் ஒரு தாள் டைப் பண்ணிக் குடுத்திருக்காங்க, லேமினேசன் போட்டு. நாப்பது வாக்கியம். டைரியில எழுத வேண்டியதெல்லாம் அதுல இருக்குது. சாப்பாடு மிச்சம் வெச்சா பத்தாவது வாக்கியம். நகம் வெட்டலைன்னா பதினாலாவது. பார்த்து எழுத வேண்டியதுதான், தப்பே வராது. பெத்தவங்க கையெழுத்துப் போட்டு அனுப்பணும். அவ்வளவுதான்.

உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க பாட்டுக்கு எறங்கிப் போயிருவீங்க. நான் பி.ஏ. தமிழுங்க. கவர்மென்ட் காலேஜு. அப்புறம் அஞ்சல்வழியில ஒரு வருசம் மான்டிசோரி. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அந்த நாப்பது வாக்கியமும், கூடக் கொஞ்சம் ரைம்ஸும்தான். மத்த மிஸ்ஸுங்களும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். என்னை அவங்களுக்குத் தெரியும். யாரும் யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டோம். மத்தியானம் சாப்பிடறப்ப 'சால்ட் ப்ளீஸ்'னு ஒருத்தர் கேப்பாங்க, இன்னொருத்தர் 'தேங்க் யூ'ம்பாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் தலையக் குனிஞ்சு சாப்பிடுவோம்.

போன ஜூன்ல ஒரு பையன் சேர்ந்தான். இனியன்னு பேரு. நாலு வயசு. அவங்க அம்மா வளர்மதி, பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனியில டெய்லரு. கழுத்துல கம்பெனிக் கார்டோடதான் வரும். வீட்டுக்காரரு போர்வெல் வண்டியில போயிருக்காரு, மத்தியப் பிரதேசமோ சத்தீஸ்கரோ. வருசத்துக்கு ரெண்டு தடவை வருவாராம். அந்தப் பொண்ணு ஒத்தையாத்தான் எல்லாம் பார்த்துக்குது.

மொத நாளு கேட்டுல பையன என் கையில குடுத்துட்டு, "மிஸ்ஸு, இவனுக்கு ஒரு விசயம்"னு ஆரம்பிச்சுச்சு. நான் சிரிச்சுக்கிட்டே, "இங்கிலீஷ் ப்ளீஸ்"னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், மூஞ்சியக் காட்டிச் சொல்லல. அது வாய மூடிக்கிட்டுச்சு. பொறகு, "தேங்க் யூ மிஸ்"னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. எட்டரைக்குக் கம்பெனி பெல்லு.

பையன் தங்கமான பையனுங்க. அழ மாட்டான், அடிக்க மாட்டான். ஆனா பாருங்க, அட்டென்டன்ஸ் எடுத்தா 'பிரசன்ட் மிஸ்' சொல்ல மாட்டான். எல்லாரும் எந்திரிச்சா எந்திரிப்பான், ஒரு நொடி கழிச்சு. ரைம்ஸ் சொன்னா கையெல்லாம் அழகா ஆட்டுவான், வாயில ஒண்ணும் வராது. பக்கத்துப் பிள்ளைங்க வாயவே பார்த்துக்கிட்டு இருப்பான். நான் என்ன நெனச்சேன்? வீட்ல இங்கிலீசு இல்ல, அதான் புரியல. எல்.கே.ஜி.ல பாதிப் பிள்ளைங்க தீபாவளி வரைக்கும் அப்படித்தான் இருக்கும். முன் வரிசையில வெச்சிருந்தேன், கடைசிக்கு மாத்தினேன். முன்னால உக்கார நல்லாச் சொல்ற பிள்ளைங்க இருக்குதுங்க, மேடம் ரவுண்ட்ஸ் வந்தா அதுங்கதானே பதில் சொல்லணும். எல்லா ஸ்கூல்லயும் பண்றதுதானுங்க.

ஜூலையில மொத நோட்டு எழுதினேன். மூணாவது வாக்கியம். 'யுவர் வார்டு இஸ் நாட் லிசனிங் இன் கிளாஸ். கைண்ட்லி அட்வைஸ்.' மறுநாளே கையெழுத்து வந்துருச்சு. தமிழ்ல 'வளர்மதி'ன்னு. டைரியப் பார்த்துட்டு மேடம் அதுக்கும் கோவிச்சாங்க. அடுத்த தடவை இங்கிலீசுல வந்துச்சு. எழுத்தெழுத்தா, கோலம் போடற மாதிரி, அழுத்தி அழுத்திப் போட்டிருந்துச்சு. பின்னால மூணு பக்கத்துக்கு அச்சு விழுந்திருந்துச்சு.

டிசம்பர் வரைக்கும் பதினோரு தடவை எழுதினேங்க. பதினோரு தடவையும் கையெழுத்து வந்துச்சு. நான் எழுதலைன்னு யாரும் சொல்ல முடியாது. டைரி இருக்குது.

நடுவுல அக்டோபர்ல பேரன்ட்ஸ் மீட்டிங். மேடம் நடுவுல உக்காருவாங்க, நான் பக்கத்துல. அந்தப் பொண்ணு அரை நாள் லீவு போட்டுட்டு, பட்டுப்பொடவை மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டு வந்துச்சு. மேடம் இங்கிலீசுல, வீட்ல இங்கிலீசு பேசறீங்களான்னு கேட்டாங்க. "எஸ் மேடம்"னுச்சு. டி.வி. ரொம்பப் பாக்கறானான்னு கேட்டாங்க. அதுக்கும் "எஸ் மேடம்". இன்னும் கவனம் எடுத்துக்கணும்னாங்க. "தேங்க் யூ மேடம்." எந்திரிச்சு வாசல் வரைக்கும் போச்சு. திரும்பி வந்துச்சு. மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்குது போல. கண்ண ஒரு தடவை மூடித் தொறந்து, "மை சன் இயர் ப்ராப்ளம் மேடம்"னுச்சு.

மேடம் சிரிச்சாங்க. "திஸ் இயர் எல்.கே.ஜி., நெக்ஸ்ட் இயர் யு.கே.ஜி., எவ்ரிதிங் வில் பி ஆல்ரைட்"னாங்க.

"நோ மேடம். இயர்."

"எஸ் எஸ், நெக்ஸ்ட் இயர்."

எனக்கும் வருசம்னுதாங்க காதுல விழுந்துச்சு. காதுக்கும் இயர், வருசத்துக்கும் இயர், நம்ம வாயில ரெண்டும் ஒண்ணுதானே. அது கையத் தூக்கிக் காதத் தொட்டுச்சு. நான் பார்த்தேன். தோட்டுத் திருகாணி கழண்டிருச்சு போல, அதான் தடவிப் பார்க்குதுன்னு நெனச்சேன். அடுத்தாப்புல இருபது பேரு வெளிய காத்துக்கிட்டு இருந்தாங்க. அதுவும் ஒரு தடவை என்னைப் பார்த்துட்டு, "தேங்க் யூ மிஸ்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அப்புறம் டிசம்பர். பரீட்சைக்கு முந்தின வாரம். எல்.கே.ஜி. பன்னெண்டரைக்கு முடியும். வேனுங்க பன்னெண்டே காலுக்கே உள்ள வந்து திரும்பி நிக்கும். நான் பிள்ளைங்கள வரிசையா நிறுத்திக்கிட்டு இருக்கேன், இவன் வரிசையில இல்ல. பார்த்தா வேனுக்குப் பின்னால குத்த வெச்சு உக்காந்து ஏதோ பொறுக்கிக்கிட்டு இருக்கான். வேன் ரிவர்ஸ்ல வருது. பீப் பீப்னு சத்தம் போட்டுக்கிட்டுத்தான் வருது. தெருவுக்கே கேக்கும். அவன் அசையல.

"இனியன், கம் ஹியர்"னு கத்தினேன். இங்கிலீசுதாங்க மொதல்ல வந்துச்சு, ஒன்பது வருசப் பழக்கம். அவன் திரும்பல. "டேய் இனியா, எந்திரிச்சு வாடா சாமி"ன்னு தமிழ்ல கத்தினேன். அடிவயித்துல இருந்து கத்தினேன், கேமரா ஞாபகமே இல்ல. அதுக்கும் திரும்பல.

வேன் டிரைவரு கண்ணாடியில என்னைப் பார்த்துட்டு பிரேக்க மிதிச்சுட்டாரு. பையனுக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். நான் ஓடிப் போய்த் தூக்கினேன். கையில ரெண்டு புளியங்கொட்டை வெச்சிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

கிளாசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். பிள்ளைங்கள ஆயாகிட்ட விட்டுட்டு, இவன சுவத்தப் பார்க்க உக்கார வெச்சு, பின்னால நின்னு டிபன் டப்பாவக் கீழ போட்டேன். எவர்சில்வர் டப்பா. திரும்பல. இன்னொரு தடவை போட்டேன். அவன் பாட்டுக்குப் புளியங்கொட்டைய உருட்டிக்கிட்டு இருந்தான். அப்புறம் முன்னால வந்து உக்காந்து, சத்தமே இல்லாம, வாய மட்டும் அசைச்சு, 'ஓபன் யுவர் டிபன் பாக்ஸ்'னேன். தொறந்தான்.

ஆறு மாசங்க. ஆறு மாசமா என் வாயப் பார்த்தே படிச்சிருக்கான். நான் அவனைக் கடைசி வரிசையில போட்டிருக்கேன்.

அவங்க அம்மா பன்னெண்டரைக்கு வரும். கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல வந்து கூட்டிட்டுப் போய்ப் பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போகும். நான் அந்தத் தாள எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தேன். நாப்பதுலயும் காதுன்னு ஒண்ணு இல்ல. நானா எழுதலாம்னா எப்படி எழுதறது? தப்பா எழுதினா மேடம் சிவப்பு மையில சுழிப்பாங்க. கேட்டுல வெச்சுத் தமிழ்ல சொல்லலாம்னா செலின் மிஸ் ஞாபகம். என்ன பண்ணேன்னா, அந்தப் பொண்ணு வந்ததும், "ஒன் மினிட், கம்"னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டேன். ஸ்கூலத் தாண்டி ஒரு ஜெராக்ஸ் கடை. அதுக்குப் பக்கத்துல போய் நின்னோம். கேட்டுக்கு வெளியதானே, சட்டம் இல்ல.

"ஏம்மா, பையனுக்குக் காது சரியாக் கேக்கல போல இருக்குது. இன்னிக்கு வேன் ரிவர்ஸ் சத்தங்கூடக் கேக்கலம்மா. நீ ஒடனே டாக்டர்கிட்டக் காட்டு"ன்னேன்.

அது பையனப் பார்க்கல. என் மூஞ்சியவே பார்த்துச்சு.

"மிஸ்ஸு, உங்களுக்குத் தமிழ் தெரியுங்களா?"

"தெரியும்மா."

"நான் உங்களக் கேரளாக்காரங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

தோகைமலைப் பக்கம்மா நானுன்னேன். "எங்க அம்மா ஊருக்கு மூணாவது ஊருங்க"ன்னுச்சு. அப்புறந்தான் அது பேச ஆரம்பிச்சுச்சு. ஆறு மாசத்துப் பேச்சும் அந்தப் பத்து நிமிசத்துல வந்துச்சு. ஸ்கூல்ல சேர்றதுக்கு முந்தின தீபாவளிக்குப் பையனுக்குக் காய்ச்சல் வந்திருக்குது. காதுல சீழ் வடிஞ்சிருக்குது. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்தியிருக்குது. வடியறது நின்னுபோச்சு. ஆனா கூப்பிட்டாத் திரும்பறதில்ல. மொத நாளே என்கிட்டச் சொல்லத்தான் வந்திருக்குது. காதுக்கு இங்கிலீசுல என்னன்னு கம்பெனியில கேட்டு மீட்டிங்குக்கு வந்திருக்குது.

"அப்புறம் ஏம்மா ஆஸ்பத்திரிக்குப் போகல?"ன்னு நான் கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன்.

"நீங்க எழுதின நோட்டக் கம்பெனியில செக்கிங் பொண்ணுகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுவனுங்க. சொன்னாக் கேக்க மாட்டேங்கறானாம், புத்தி சொல்லி அனுப்பச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லும். அப்பக் காதெல்லாம் சரியாப் போயிருச்சு, பையனுக்குத்தான் திமிருன்னு நெனச்சுட்டனுங்க. டீச்சரு படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சனுங்க."

நான் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஒவ்வொரு நோட்டுக்கும் அடிச்சனுங்க மிஸ்ஸு. கரண்டிக் காம்புல."

பையன் எங்க ரெண்டு பேரு வாயையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு நின்னான். ஜெராக்ஸ் மெசினு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் உள்ள போகணும், இன்னும் ரெண்டு வேன் பாக்கி. "சரிம்மா, நாளைக்கே கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்னங்க பண்றது. நான் எழுதினது எழுதினதுதான். 'நாட் லிசனிங்'னா கவனிக்கலைன்னும் வெச்சுக்கலாம், கேக்கலைன்னும் வெச்சுக்கலாம். அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. வலது காதுல நீர் கோத்திருக்காம், சின்ன ஆபரேசன்ல சரி பண்ணிட்டாங்க. எடது காதுல சவ்வு ஓட்டை. ரொம்ப நாளா விட்டுட்டதால பாதிதான் கேக்கும்னுட்டாங்களாம். பெரியவனானப்புறம் மறுபடி பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஜனவரியில அந்தப் பொண்ணு டி.சி. கேட்டு வந்துச்சு. மேடம் ரூமுக்கு என்னையும் கூப்பிட்டாங்க. பையனுக்குக் காது ஆபரேசன் ஆனதையும், கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்க்கப் போறதையும் தமிழ்லயே சொல்லுச்சு. மேடமும் அன்னிக்குத் தமிழ்லதான் பேசினாங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, அவங்க தமிழ் அவ்வளவு நல்லா இருந்துச்சு.

"ஏம்மா, எங்க மேல ஏதாவது குறையா?"

"எங்கிட்ட யாரும் வெவரமாச் சொல்லலைங்க மேடம்"னுச்சு.

மேடம் டைரிய வாங்கி ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. "பதினோரு தடவை எழுதியிருக்காங்களேம்மா. பதினோரு தடவையும் நீ கையெழுத்துப் போட்டிருக்கியே." அப்புறம் எம்பக்கம் திரும்பி, "மிஸ், இன்ஃபார்ம் பண்ணீங்களா இல்லையா?"ன்னு கேட்டாங்க.

"எஸ் மேடம்"னேன்.

பொய் இல்லையேங்க அது. எழுதியிருக்கேனே.

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு. ஜெராக்ஸ் கடைப் பக்கத்துல நான் தமிழ்ல பேசினத அப்பச் சொல்லியிருந்தா, கேட்டுக்கு வெளியதானேன்னு மேடம் விட மாட்டாங்க, அன்னிக்கே என் வேலை போயிருக்கும். சொல்லும்னுதான் நெனச்சேன். அது தலையக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாங்க மேடம், மிஸ்ஸு எழுதினாங்க. நாந்தான் புரிஞ்சுக்காம அடிச்சுப்புட்டேன்"னுச்சு.

மேடம் கெட்டவங்க இல்லீங்க. ரெண்டு நாளு மனசு சரியில்லாமத்தான் இருந்தாங்க. அந்த வாரமே தாள்ல நாப்பத்தொண்ணாவதா ஒரு வாக்கியம் சேர்த்து, எல்லா மிஸ்ஸுக்கும் புதுசா லேமினேசன் போட்டுக் குடுத்தாங்க. 'கைண்ட்லி செக் யுவர் வார்ட்ஸ் ஹியரிங்.' நல்ல வாக்கியம். நானும் ரெண்டு பிள்ளைங்களுக்கு எழுதிட்டேன். ரெண்டுக்கும் கையெழுத்து வந்துருச்சு.

டி.சி. வாங்க அந்தப் பொண்ணு மத்தியானத்துல வந்துச்சு. வாங்கிட்டு நேராப் போகல. வெளிய ஜெராக்ஸ் கடைப் பக்கத்துல நின்னு, கேட்டுல நின்ன என்னைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நான் போனேன். பையன் வண்டி முன்னால நின்னுக்கிட்டு இருந்தான், வலது காதுல பஞ்சு வெச்சு.

"மிஸ்ஸு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அந்த ஸ்கூல்ல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியணும்"னுச்சு.

பேரு, பொறந்த தேதி, எல்லாம் படிச்சேன். கடைசியில பையனப் பத்தி ஒரு வரி, மேடம் கையால எழுதினது. அதுல ஒரு வார்த்தை. ஆர், இ, டி... ரெட்டிசன்ட்டோ என்னமோ. எனக்குத் தெரியல. நல்ல பையன்னு போட்டிருக்காங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். ஒன்பது வருசமா அப்படித்தானே சமாளிக்கறேன். வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பையன் என் வாயவே பார்த்துக்கிட்டு நின்னான்.

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியலம்மா"ன்னேன். "எனக்கும் அவ்வளவா இங்கிலீசு வராது."

அது கோவப்படல. சிரிக்கவும் இல்ல. தாள வாங்கி நாலா மடிச்சுக் கவருக்குள்ள வெச்சுச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஆறு மாசமா என்னங்க மிஸ்ஸு பேசிக்கிட்டோம்?"

நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டிய எடுத்துருச்சு. கம்பெனி பெல்லு ஒண்ணேகாலுக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் போன்ல அர்த்தம் பார்த்தேன். அதிகம் பேசாத பிள்ளைன்னு அர்த்தமாம். அட்மிசன் லிஸ்டுல இருந்து அந்தப் பொண்ணு நம்பர எடுத்து, வாட்ஸ்அப்புல தமிழ்ல எழுதி அனுப்பினேன். 'வளர்மதி, அந்த வார்த்தைக்கு அதிகம் பேசாத பிள்ளைன்னு அர்த்தம். தப்பா ஒண்ணும் எழுதல.' கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அடியில 'திலகவதி'ன்னு போட்டேன். ஸ்கூல்ல எல்லாரும் மிஸ்ஸுன்னுதான் கூப்பிடறாங்க, அந்தப் பொண்ணுக்கு என் பேரே தெரியாது.

ரெண்டு நீலக் கோடு ஒடனே வந்துருச்சு. படிச்சிருச்சு. பதில்தான் இன்னும் வரலைங்க. ரெண்டு மாசமாச்சு.